அம்மாவுக்கான சரிவு

இன்று காலை கிரவல் மண் வந்தது. போன மாதம் தபாலட்டை போட்டுச் சொன்ன மண்.

மாரியில் தண்ணீர் நிற்கும் என்று, பாலையூற்றில் எங்கள் புது வீட்டின் அத்திவாரத்தை மேசன் இடுப்பளவு உயர்த்திவிட்டார். வாசலுக்கு ஆறு படி.

"இந்த முழங்காலோட எனக்கு ஏற ஏலாது" என்றார் அம்மா. அதனால் படிகளை மூடி மண்ணைச் சரிவாக நிரப்பி, இரு பக்கமும் புல்லும் செவ்வரத்தைச் செடியும் வைப்பதாக ஏற்பாடு.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முந்தநாள் முடிந்தது. வாசலில் கட்டிய வெள்ளைக் கொடியையும் அவிழ்த்தாயிற்று. சொந்தக்காரர் எல்லாருக்கும் தந்தி அடித்த நாங்கள், மண்காரருக்கு மட்டும் சொல்ல மறந்துபோனோம்.

டிரக்டரில் மண் கொண்டுவந்த கிண்ணியா ஊர்க் காக்கா, அந்த முஸ்லிம் அண்ணர், கேட்டார்: "தம்பி, சரிவு எப்பிடி வேணும்?"

"அம்மா ஏறுற மாதிரி" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

மத்தியானம் வரை மண்ணை இழுத்து, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்கினார். பிறகு தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வயதான ஆள்போல இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தார்.

"உம்மாவைக் கூப்பிடுங்க தம்பி. ஒருக்கா நடந்து பாக்கட்டும்."

"படுத்திருக்கிறா" என்றேன்.

"அப்ப எழுப்ப வேணாம். நாளைக்குப் புல்லுப் பதிக்க வருவன்தானே, அப்ப கேக்கிறன்."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நான் சரிவில் ஏறி வீட்டுக்குள் வந்தேன். நல்ல சரிவுதான். முழங்கால் மடங்கவே இல்லை.

காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார். என்ன சொல்லலாம் என்று தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.