கறுப்பு வயரில் ஒரு மஞ்சள் கறை

என் மேசையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கறுப்பு வயர்த் துண்டு கிடக்கிறது. பெருவிரல் பருமன் இருக்கும். நடுவில் ரேப் நாடா சுற்றிய ஒட்டு ஒன்று புடைத்துக்கொண்டிருக்கிறது, அதன் மேல் ஒரு மங்கிய மஞ்சள் கறை. வெளியே இன்னமும் மினுமினுப்பாகத்தான் இருக்கிறது. வெட்டிய முனையைப் பார்த்தால்தான் உள்ளே செம்புக் கம்பிகள் பச்சை பூத்துப் பொடிந்து போயிருப்பது தெரியும். வெளியே இப்படி இருப்பது உள்ளே எப்படி அப்படிப் போனது என்ற கேள்விதான் முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது. பதில் தெரிந்த பிறகு அதை எறிய மனம் வரவில்லை.

அப்போது நான் யாழ்ப்பாணக் கடனீரேரியில் ஆழம் அளந்து அடிச்சேறு எடுக்கும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் இருந்தேன். கொழும்புத்துறையிலிருந்து புறப்படுவோம். ஒரு பைபர் மோட்டர் படகு, அதை ஓட்ட ஒரு தண்டையல், குறிப்பெடுக்க நான், கரையில் நின்று எங்கள் இருவரையும் விரட்ட ஒரு பொறுப்பாளர். தண்டையலுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கடலைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு, ஆனால் அவருடைய ஆசை முழுவதும் ஒரு பொருள் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்பதில்தான். ரோர்ச் லைற் மங்கினால் மற்றவர்கள் பற்றரி மாற்றுவார்கள், இவர் ரோர்ச் லைற்றையே கழற்றிப் பரப்பிவிடுவார்.

எங்கள் வேலைக்கு ஒரு நாளில் இருபது தடவையாவது நங்கூரம் போட்டு எடுக்க வேண்டும். கையால் இழுத்து இழுத்து அவருடைய வலது தோள் போய்விட்டது. இனிப் பாரம் இழுக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேறு ஆளைப் போடத்தான் பொறுப்பாளர் நினைத்தார். பிறகு மனம் மாறி, நங்கூரம் இழுக்கிற மின்மோட்டர் ஒன்றைப் படகின் முகப்பில் பூட்டுவித்தார். பொத்தானை அமத்தினால் சங்கிலி தானே ஏறும். "இந்த மோட்டர் ஓடுமட்டும் நீர் வேலையிலை இருக்கலாம்," என்று தண்டையலின் முகத்துக்கு நேரே சொன்னார்.

கேட்டுக்கொண்டு நின்ற எனக்குத்தான் மோட்டர் எப்போது நிற்குமோ என்ற பயம் பிடித்தது. இணுவிலில் எங்கள் முருகன் கோயிலுக்குப் போய், ஒரு மஞ்சள் துணியில் திருநீறு முடிந்து கும்பிட்டுக் கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புக்குக் கூட அப்படிக் காப்புக் கட்டுவோம். மெசினில் ஒன்றும் கட்டக்கூடாது என்பது பொறுப்பாளரின் கட்டளை. அதனால் அவர் கண்ணில் படாமல் முகப்புப் பெட்டிக்குள், மோட்டருக்குப் போகிற கறுப்பு வயரில் கட்டினேன். நீளம் போதாமல் ஒட்டுப் போட்டிருந்த இடம் புடைப்பாக இருந்தது. முடிச்சு வழுக்காது என்று அதன் மேலேயே இறுக்கினேன். தண்டையல் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உம்மடை ஊர் முருகனுக்கு நீந்தத் தெரியுமோ பிள்ளை?"

கேலி பண்ணினாரே தவிரக் கழற்றவில்லை.

எட்டு மாதம் போல மோட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பொத்தானை அமத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சங்கிலி அசையவில்லை. நங்கூரத்தை நான்தான் மூச்சு வாங்க வாங்க இழுத்தேன். பொறுப்பாளர் கொழும்பில் யாரிடமோ போனில் கேட்டார். மோட்டர் எரிந்துவிட்டது, புதியது வர மாதக்கணக்காகும் என்று பதில் வந்தது. "திங்கட்கிழமை வேறை ஆள் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை எங்களுக்கு வேலையில்லை. நாங்கள் இருவரும் படகில் இருந்தோம். வேலை போகப்போகிற மனிதரின் முகத்தில் கவலையைத் தேடினேன். அங்கே இருந்தது விளையாட்டுப் பொருள் கிடைத்த பிள்ளையின் பிராக்குத்தான்.

"டிக் எண்டு கேக்குதெல்லோ? அப்ப பொத்தான் சொன்னது ரிலேக்குக் கேட்டிட்டுது. ரிலே சொன்னது மோட்டருக்கு ஏன் கேக்கேல்லை?" என்றார். பொத்தானின் பேச்சைக் கேட்டுப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிற சின்னப் பெட்டிதான் ரிலே.

மீட்டரை வைத்துப் பார்த்தோம். பற்றரியில் பன்னிரண்டரை வோல்ற். ரிலேயின் வாசலிலும் பன்னிரண்டரை. "இவ்வளவும் வந்திருக்கு. அப்ப மோட்டர்தான் அண்ணை பழுது," என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"வேலை குடுக்காமல் ஆரின்ரை பலத்தையும் மட்டுக்கட்டேலாது. அமத்தும், அமத்திக்கொண்டு பாப்பம்."

அமத்தினேன். பற்றரி பன்னிரண்டில் நின்றது. மோட்டரில் நாலுதான். அவருடைய கண் விரிந்ததை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. "பஸ்ஸிலை ஏறினது பன்னிரண்டு பேர், வந்து சேர்ந்தது நாலு பேர். மிச்சம் எட்டுப் பேரும் எந்தத் தரிப்பிலை இறங்கினவை?" என்று கேட்டார். மீட்டருக்கு ஒரு நீள வயரை முடிச்சுப் போட்டு, பற்றரிக்கும் மோட்டருக்கும் இடையே சிவப்பு வயரை அளந்தார். அதில் ஒருவரும் இறங்கவில்லை. கறுப்பு வயரை அளந்தார். எட்டு. மோட்டர் எரியவில்லை! நான் கை தட்டிவிட்டேன்.

அவர் கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே முகப்புப் பெட்டிக்குள் கையை விட்டார். "இஞ்சை சுடுது," என்றார். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார். எட்டிப் பார்க்கப் போன என்னை மறித்து, "முதல் பட்டணத்துக்குப் போய் இதே பருமனிலை வயர் வாங்கிக்கொண்டு வாரும். ஒட்டில்லாமல் ஒரே நீளமா," என்று அனுப்பிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது பழைய வயர் படகில் இல்லை. என் மஞ்சள் துணி சுக்கானுக்கு மேலே கம்பியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "பெட்டிக்குள்ளை கிடந்தால் முருகனுக்கு மூச்சு முட்டும்," என்றார். புது வயர் பூட்டி அமத்தியதும் சங்கிலி கடகடவென்று ஏறியது. காப்புத்தான் மோட்டரைக் காப்பாற்றியது என்று அன்று வீட்டில் பெருமையடித்தேன்.

திங்கட்கிழமை மோட்டர் ஓடுவதைப் பார்த்த பொறுப்பாளர், புது ஆளை வேண்டாம் என்றுவிட்டு, அது நின்றதற்குக் காரணம் கேட்டார். "ஒட்டுக்குள்ளை உப்புத்தண்ணி பூந்திட்டுது," என்றார் தண்டையல்.

"நல்ல தண்ணியாலை கழுவச் சொன்னனானெல்லோ? ஒழுங்காக் கழுவியிருந்தால் ஏன் இப்பிடி வருது?"

"ஓம். என்ரை கவனக்குறைவுதான்."

படகின் பதிவுக் கொப்பியில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் வைத்தார். இன்னொரு முறை நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற எச்சரிக்கையையும் வாங்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒவ்வொரு பின்னேரமும் வாளி வாளியாக அள்ளிக் கழுவுகிறவர் அவர். ஏன் வாய் திறக்கவில்லை என்று இரண்டு நாள் அவரோடு சரியாகக் கதைக்கவும் இல்லை.

போன வருடம் அவர் வேலையை விட்டு நின்றபோது குறடு, ஸ்பனர் எல்லாம் வைக்கிற தன் ஆயுதப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதன் அடித்தட்டில் இந்தத் துண்டு கிடந்தது. ஒட்டின் மேல் மஞ்சள் கறையும், ரேப்பில் பதிந்த என் முடிச்சின் தடமும். வேறு யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. அவர் கழுவிய தண்ணீர் மற்ற எல்லாவற்றிலும் காய்ந்துவிடும். என் துணி மட்டும் கடலைக் குடித்துக் குடித்து, எட்டு மாதமும் அந்த ஒட்டை ஈரத்திலேயே வைத்திருந்திருக்கிறது. அவரைக் காப்பாற்றக் கட்டிய காப்பால் அவரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தோடு அந்தத் துண்டை என் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாளே அவருடைய வீட்டுக்குப் போனேன். ஒரு மேசை மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். துண்டை அவர் கையில் கொடுத்து, "இது நான் கட்டின துணியாலைதானே அண்ணை?" என்று கேட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"உப்புத்தண்ணி பூந்தது பிள்ளை. அண்டைக்கே சொன்னனான்தானே," என்றார். "உந்தக் கதையை விடும். இப்ப அமத்தேக்கை மோட்டரிலை எவ்வளவு காட்டுது?"

"பதினொண்டரை."

"பதினொண்டரையோ? அப்ப அந்த அரை எங்கை இறங்குது?" என்று மின்விசிறியை மறந்து யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

இப்போது அந்தப் படகுக்கு நான்தான் பொறுப்பு. பழைய பதிவுக் கொப்பியை இன்று தேடி எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவருடைய கையெழுத்தின் கீழே இரண்டு விரல் இடம் இருந்தது. 'கவனக்குறைவு என்னுடையது' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். மை காயும் வரைக்கும் பக்கம் புரளாமல் இருக்க இந்த வயர்த் துண்டை அதன் மேல் வைத்திருக்கிறேன்.