வேர்க்காத வெயில்

"...வேர்க்கேல்லையெண்டு அதில ஒரு பெருமையோ? முதல்ல பைக்கால இறங்கு தம்பி!" என்று கத்தினார் வசந்தியக்கா.

அக்கா லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஓட்டுபவர். அங்கிருந்து பத்துப் பேர், அமெரிக்கப் பாலைவனத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள்காரர் கூடலுக்குப் போயிருந்தோம். ஒரு பக்கம் கோபுரம் கோபுரமாகச் சிவந்த பாறைகள், மறுபக்கம் பெரும் பள்ளத்தாக்கு. பார்க்க இரண்டு கண் போதாது. எங்கள் வரிசையில் அக்கா எப்போதும் கடைசியாகத்தான் வருவார். ஒருவரும் தவறிப்போகக் கூடாதாம்.

நானோ வெயிலைக் கண்டதும் ஜாக்கெட்டைக் கழற்றும் லண்டன்காரன்; அன்றும் கழற்றிவிட்டேன். கழிப்பறைக்கென்று எல்லாரையும் மறிக்க வெட்கப்பட்டு, தண்ணீரும் குடிக்கவில்லை. பைக் மெல்ல மெல்லப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது எனக்குத் தெரியவேயில்லை. பின்னால் வந்த அக்காதான் ஹோர்ன் அடித்து நிறுத்தினார். "எனக்கொண்டுமில்லை, வேர்க்கக்கூட இல்லை" என்றேன். அதற்குத்தான் அந்த ஏச்சு.

"இஞ்சத்தைக் காத்து வேர்வையை உடனே குடிச்சிடும். உனக்குத் தெரியவராது" என்று நிழலில் இருத்தி, மிடறு மிடறாகத் தண்ணீர் பருக்கினார். கழற்றிய ஜாக்கெட்டை நனைத்து எனக்குப் போட்டுவிட்டார். தலைச்சுற்று நின்ற பிறகுதான் பார்த்தேன், பள்ளத்தின் விளிம்பு பத்தடியில் இருந்தது.

இப்போது தாகம் இல்லாவிட்டாலும் குடித்துவிட்டே புறப்படுகிறேன். போன ஞாயிறு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் பைக்குகளோடு கூடியபோது, மழைத் தூறலுக்குள் நான் தண்ணீர்ப் போத்தலைத் திறக்க, "இதென்ன பாலைவனமோ?" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

வசந்தியக்கா சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தன் போத்தலையும் திறந்தார்.