இடுப்பில் இட்ட கரி

மகள் காய்ச்சலில் போனபோது மா ஒன்டின் அழுவதற்கு முன் அடுப்படிக்குத்தான் ஓடினாள். சட்டியின் அடிக்கரியை வழித்து வந்து, பிள்ளையின் முதுகு முடியும் இடத்தில் அழுத்தித் தேய்த்தாள். இறந்த பிள்ளைக்கு இட்ட கரி மறுபிறவியில் மச்சமாக வரும், பெற்றவள் அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பது பர்மாவின் ஐராவதிக் கரையில் வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. கன்னத்தில் இடச் சொன்னார்கள். பெண் பிள்ளையாயிற்றே, முகம் கெட்டுவிடக் கூடாது என்று மறுத்துவிட்டாள். பைத்தியக்காரி, செத்த பிள்ளைக்கும் வரன் பார்த்திருக்கிறாள்.

மறு வருஷம் பக்கத்து வீட்டு மா பியூவுக்குப் பெண் பிறந்தது. குளிப்பாட்டப் போன ஒன்டின் குழந்தையைக் குப்புறப் போட்டாள். முதுகு முடியும் இடத்தில் நீலக்கறுப்பாக ஒரு திட்டு.

"எம்புள்ள வந்துட்டா!" என்று தெருவே கேட்க அலறினாள்.

அந்த ஊரில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்தத் திட்டோடுதான் பிறக்கின்றன. வளர வளர மறைந்துவிடும். அவள் மகளுக்கும் இருந்தது. பெற்றவளுக்கே அது மறந்துபோயிற்று என்றால், துக்கம் பிடித்த மனம் எதைத்தான் செய்யாது! தெரிந்த பெண்களும் வாயைத் திறக்கவில்லை. கணவன் கோ டுன் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "அதப் பாக்குறது உன் கண்ணு இல்லடி. மனசு."

"பாத்துட்டுப் போகட்டும். உனக்கென்ன?"

தினமும் போனாள். குளிப்பாட்டினாள், தனக்கா என்ற மரக்கட்டையை இழைத்துச் சந்தனம் போலக் கன்னத்தில் பூசினாள். குழந்தை எழுந்து நடந்தது. திட்டு வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு காலையில் தேடித் தேடிப் பார்த்தாள், இல்லை. கையில் சொம்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் இரண்டாம் முறை செத்தாள்.

"அக்கா," என்றாள் மா பியூ, "முன்னாடியே சொல்லியிருக்கணும். எங்க யாருக்கும் மனசு வரல. நாளைக்கும் வருவீங்கல்ல? நீங்க இல்லாம இது குளிக்காது."

சோப்பு நுரையோடு குழந்தை குளிரில் நடுங்கியது.

"அப்ப எம்புள்ள வேற எங்கேயோ இருக்கா, பியூ. எவளோ ஒருத்தி இந்நேரம் அவளக் குளிப்பாட்டிக்கிட்டிருப்பா. அவளுக்கு என்னைத் தெரியவே தெரியாது," என்றாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. "கண்ணுல சோப்பு படாமப் பாத்துக்குவாளாடி?"

குழந்தையின் நெற்றியில் கையை அணையாக வைத்து, மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாள்.