வால்நட்டடி எங்கள் ஊரில்தான் இருக்கிறது

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரத்திலிருந்து பஸ் எடுத்தால் எங்கள் ஊர் வரும்வரை ஏற்றம்தான். வடக்கே யூரா மலைச்சரிவும் காடும். தெற்கே ஓர் ஓடை, அதற்கு அப்பால் பக்கத்து ஊர்க்காரரின் சோள வயல். நடுவில் மாட்டுக் கொட்டில்கள், தேவாலயம், பள்ளிக்கூடம், எங்கள் வீடு. சாணி மணத்தைப் பற்றி நான் இனிமையாக ஒன்றும் எழுதப்போவதில்லை. நாறும். வயலுக்கு எரு அடிக்கிற நாட்களில் வெளியே உடுப்புக் காயப்போட முடியாது.

எங்கள் பிள்ளைகள் இருவரும் இங்கேயே பிறந்து படித்து, சுவிஸ் குடியுரிமையும் எடுத்துவிட்டார்கள். நானும் என் கணவரும்தான் மிச்சம். "இங்க நிரந்தரமா இருக்க விடுகிற சி பெர்மிட் இருக்கு, எனக்கு அது காணும், போதும்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். எனக்குக் காணாது. எந்த வீதிக்கு விளக்கு, பனிக்காலத்தில் எந்தப் பாதைக்கு உப்பு என்பதையெல்லாம் இங்கே ஊர்க்கூட்டத்தில் குடியுரிமை உள்ளவர்கள் கை தூக்கித்தான் தீர்மானிப்பார்கள். விடியமுன் அந்தப் பாதையில் வழுக்கி வழுக்கி முதியோர் இல்லத்து வேலைக்குப் போகிறவள் நான். கை தூக்குகிறவர்களோ காரில் போகிறவர்கள். எனக்கும் அங்கே தூக்க ஒரு கை வேண்டும். பாஸ்போர்ட்டெல்லாம் பிறகு.

விண்ணப்பித்தால் ஊரின் புவியியலும் வரலாறும் கேட்பார்கள் என்றார்கள். படித்தேன். இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் துறவிகள் மடத்துக்குச் சொந்தமாக இருந்ததையும், ஓடைக்கரையில் நின்ற மா அரைக்கும் மில் எரிந்து சாம்பலானதையும், காட்டுக்குள் எந்த எல்லைக்கல்லோடு ஊர் முடிகிறது என்பதையும் சமைக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

நேர்முகத்துக்கு மூன்று பேர் இருந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியை, ஊர்ச் சபை எழுத்தர், எங்கள் வீட்டுக்குப் பின்னால் காணி வைத்திருக்கும் விவசாயி. நாங்கள் பேசியது சுவிஸ் ஜெர்மன். அதை இங்கே என் தமிழில்தான் சொல்வேன். மடம் சரி, மில் சரி, கல்லும் சரி. பிறகு விவசாயி கேட்டார்: "உங்கட வீட்டுக்குப் பின்னால இருக்கிற என்ர காணிக்கு என்ன பேர்?"

வாய் தானாகத் திறந்தது. "வால்நட்டடி."

எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். காணியின் மூலையில் பெரிய வால்நட் மரம் நிற்கிறது. யாழ்ப்பாணத்தார் எங்கே போய் இருந்தாலும் ஒரு மரத்தையோ கிணற்றையோ பிடித்து 'அடி' சேர்த்து ஒரு பெயர் வைத்துவிடுவோம். பஸ் நிற்கும் இடத்தில் மாடுகளுக்கான கல் தொட்டி இருப்பதால் அது தொட்டியடி. செர்ரி மரச் சரிவு செர்ரியடி. "பெடியன் தொட்டியடிக்கு வந்திட்டானோ?" "ஓம், வந்திட்டான்." இத்தனை வருடமும் இப்படித்தான் கதைத்தோம். அந்தக் காணிக்கு வேறு பெயர் இருக்கும் என்ற யோசனையே எனக்கு வந்ததில்லை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோணல் வயல் என்று பொருள்படும் ஒரு பழைய பெயர் அதற்கு உண்டாம். நான் இன்னும் ஊரோடு ஒட்டவில்லையாம். ஒரு வருடம் பொறுத்து வரட்டாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூலை முடுக்குக்கெல்லாம் பெயர் வைத்துக் கூப்பிடுகிறவள் ஒட்டவில்லையாம். விருந்துக்கு வந்தவள் பெயர் வைப்பாளா?

"அவையின்ர பேரைப் பாடமாக்கும். அடுத்தமுறை வாயைப் பொத்திக்கொண்டு அதைச் சொல்லிப்போட்டு வாரும்" என்றார் கணவர்.

"வாயைப் பொத்திக்கொண்டு எப்பிடியப்பா சொல்லுறது?"

பாடமாக்கினேன். அடுத்த வருடமும் விவசாயி அதே கேள்வியைத்தான் கேட்டார். அவர்களுடைய பெயரைப் பிசகில்லாமல் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நாங்கள் வால்நட்டடி எண்டுதான் சொல்லுறனாங்கள். இனியும் அப்பிடித்தான் சொல்லுவம்."

எழுத்தரின் பேனை நின்றது. "அந்த மரத்தை வாற மாரியில தறிக்கப்போறன். அப்ப என்னெண்டு சொல்லுவீங்கள்?" என்றார் விவசாயி.

"தறியுங்கோ. மில் எரிஞ்சு எவ்வளவு காலம்? இண்டைக்கும் அந்த ஒழுங்கைக்கு மில் ஒழுங்கை எண்டுதானே பலகை நட்டு வைச்சிருக்கிறியள்?"

ஆசிரியை குனிந்து சிரிப்பை அடக்கினார். விவசாயியின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஆனாலும் என் விண்ணப்பத்தை ஊர்க்கூட்டத்துக்கு அனுப்பினார்கள்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நம்முடைய விஷயத்தை எடுக்கும்போது நாம் வெளியே போய்விட வேண்டும், அதுதான் முறை. பள்ளிப் பிள்ளைகள் வகுப்புக்குள் போடும் செருப்புகள் அடுக்கியிருந்த நடையில் நின்றேன். பயம்தான், வேறென்ன? பயந்துகொண்டே உள்ளே இருந்த அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டினேன். பிள்ளையாரையும் கூப்பிட்டேன்.

கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார்கள். ஊர் என்னை ஏற்றுக்கொண்டதாகத் தலைவர் அறிவித்தார். கை தட்டினார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த கணவர், நன்றி சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"எனக்கு எதிரா ஆர் கை தூக்கினவை?" என்று கேட்டேன்.

கைதட்டல் நின்றுவிட்டது. கணவர் நிலத்தைப் பார்த்தார். அப்படிக் கேட்பது இங்கே வழக்கமில்லை என்று தலைவர் இழுத்தார். பின்வரிசையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது. விவசாயி எழுந்து நின்றார்.

"நான்."

"நல்லது. மிச்ச அலுவலெல்லாம் முடிஞ்சு எனக்கு வாக்கு வந்த பிறகு, நீங்கள் சொல்லுறது எனக்குப் பிழையெண்டு பட்டால், நானும் உங்களுக்கு எதிராத் தூக்குவன்."

"தூக்குங்கோ. நானும் விடமாட்டன்" என்றார்.

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இந்த ஊரில் ஒருவர் என்னைச் சரிக்குச் சமனாக வைத்துப் பேசியது அன்றைக்குத்தான்.