இன்ஸ்பெக்டர் அபி பிடித்த பிள்ளை

1. பதவியேற்பு

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மேயராவதற்குக் கட்சி வேண்டும், காசு வேண்டும், சுவரெல்லாம் முகம் வேண்டும். எனக்கு ஒரு மஞ்சள் தொப்பியே போதுமாக இருந்தது. வங்கி வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். மனைவி என்னைப் பார்க்கும் பார்வை நாளுக்கு நாள் மாறிக்கொண்டு வந்ததால் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கட்டிடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது என் நகரம். சிறுபிள்ளைகள் பெரியவர்களின் தொழில்களைச் செய்து விளையாடுகிற இடம் அது. பொலிஸ் நிலையம், ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், பேக்கரி, மரப் பஸ் என்று எல்லாமே என் இடுப்பு உயரத்தில் இருந்தன. நடை பழகாதவர்களுக்கு மெத்தை விரித்த ஒரு 'பேபி பார்க்'கும் இருந்தது.

மனேஜர் ஷாமினி என் மகளைவிட இளையவர். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு விளக்கம் தந்தார்.

"அங்கிள், இங்க நீங்க மேயர். பிள்ளைகள் என்ன சொன்னாலும் நம்போணும். சிரிக்கக் கூடாது. ஓகே?"

"நெருப்புப் பிடிச்சிட்டுது எண்டு சொன்னால்?"

"ஓடோணும்."

"உண்மையாவே பிடிச்சால்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பவும் ஓடோணும் அங்கிள். மற்றப் பக்கமா."

ஒரு நகரத்தை எப்படி ஆளவேண்டும் என்று பழைய கிரேக்கர்கள் எழுதியதை எல்லாம் நான் வாசித்திருக்கிறேன். மரப் பஸ்ஸின் சாரதி தன் ஆசனத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டால் மேயர் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

2. நோயாளித் தட்டுப்பாடு

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே எங்கள் நகரத்தின் நிரந்தரப் பிரச்சினை தெரிந்துவிட்டது. டொக்டர்கள் குவிந்து கிடந்தார்கள். நோயாளிகள் இல்லை.

காரணம் பெற்றோர். வெள்ளவத்தை, பாமன்கடைப் பக்கத்து அப்பாமார் பிள்ளையைக் கையில் பிடித்தபடி நேரே ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் வருவார்கள். மூன்று வயதுப் பையன், வாயில் சூப்பி, மரப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நிற்பான். "பஸ் பிறகு ஓட்டலாம் தம்பி. முதல்ல டொக்டருக்குப் போ" என்பார் அப்பா. எந்த அப்பாவும் காசு கொடுத்து டிக்கட் எடுத்துத் தன் பிள்ளையை நோயாளியாகப் படுக்க விடுவதில்லை. நோயாளியாக இருந்த பொம்மைக்கு ஊசி போட்டே இரண்டு கைகளையும் கழற்றிவிட்டார்கள்.

ஆகவே, கூட்டம் மிகுந்த நாட்களில் மேயர் போய்ப் படுப்பார்.

அந்தச் சனிக்கிழமையும் படுக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். வழியில் இன்ஸ்பெக்டர் அபி மறித்தாள். ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை, தொப்பி கண்வரை இறங்கியிருந்தது.

"மேயர் சேர், காணாமப் போன பிள்ளை ஒண்டைப் பிடிச்சிட்டம்."

பேபி பார்க்கிலுள்ள பொம்மையை ஒளித்துவைத்துவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பது எங்கள் பொலிஸாரின் வழக்கமான வேலை. "வெரி குட். பத்திரமா வைச்சிருங்கோ" என்றேன்.

"அது அழுகுது சேர்."

"பிள்ளையெண்டால் அழத்தானே செய்யும்."

நடிப்பு நன்றாக இருக்கிறதே என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தேன். கட்டில் என் முழங்காலோடு முடிந்துவிட்டது. டொக்டர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வாசலில் அப்பாவிடம் தமிழில் சிணுங்கிய பிள்ளைகள் வெள்ளைக் கோட்டைப் போட்டதும் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தார்கள். "ஓப்பன் யுவர் மவுத்" என்றான் ஒருவன். இன்னொருவன் தலைக்குக் கட்டுப் போட்டான். ஒரு பெண் டொக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "தெயர் இஸ் எ பேபி" என்று அறிவித்தாள். யாரும் மறுக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"அண்ணே! என்ட புள்ளய காணோம் அண்ணே!"

கொச்சிக்கடையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு காலையில் வந்த தாய். கைக்குழந்தை தோளில் கிடந்தது. மூத்தவன், இரண்டரை வயதுக்காரன், பக்கத்தில் இல்லை.

"சின்னவளுக்கு நெப்பி மாத்திட்டுத் திரும்பினா ஆள் இல்ல. வெளிக் கதவு தொறந்து கெடக்கு அண்ணே. கீழ ரோட்டு!"

இவரும் விளையாடுகிறாரோ என்று ஒரு கணம் யோசித்தேன். அவ்வளவுக்கு அந்த வேலை என்னைக் குழப்பியிருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். எழுந்தேன்.

"நோ, நோ. பேபி இன்னும் வரேல்ல" என்று டொக்டர்கள் என் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

ஷாமினி படிக்கட்டால் வீதிப் பக்கம் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கதவடியில்தான் எனக்கு உறைத்தது. *அது அழுகுது சேர்.* பொம்மை எப்படி அழும்? திரும்பினேன். தலைக்கட்டு அவிழ்ந்து தோளில் தொங்க, பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். கைக்குழந்தையோடு தாய் பின்னால் ஓடிவந்தார்.

3. விசாரணை

பையன் அங்கேதான் இருந்தான். பிளாஸ்டிக் கம்பிகளுக்குப் பின்னால், சப்பாத்து ஒற்றைக் காலில், கன்னமெல்லாம் பிஸ்கட். அபி முன்னால் நின்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நம மொகத? அம்மா கோ?"

பேரென்ன, அம்மா எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறாள். பையன் விழித்துக்கொண்டு இருந்தான்.

"ஏன் பிள்ளை சிங்களத்தில கேக்கிறீங்கள்? தமிழ்ல கேட்டால் சொல்லுவான்தானே?"

"பொலிஸ் எண்டால் சிங்களம்தானே, சேர்." இது கூடத் தெரியாமல் எப்படி மேயரானாய் என்பதுபோல் பார்த்தாள்.

தாய் மகனைக் கண்டுவிட்டார். இரண்டெட்டு வைத்தால் தூக்கிவிடலாம். அந்தக் கம்பிக் கதவு அவருடைய முழங்கால் உயரம்தான். ஆனால் அபி கையை நீட்டி மறித்தாள்.

"பொட்டக் இன்ன. மே லமயா காகெத?"

கொஞ்சம் பொறு, இது யாருடைய பிள்ளை?

தாய் நின்றார். அப்படியே நின்றார். இரண்டு கால்களையும் சேர்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மகே புத்தா, சேர்" என்றார். என் மகன், சேர். தோள் குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் கைப்பையைத் திறந்தார். பால் போத்தல், துவாய், நெப்பி எல்லாவற்றையும் தள்ளித் துழாவி, அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

யாரும் அதைக் கேட்கவில்லை.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் கையோ, சோதனைச் சாவடிகளில் பழகியபடி, பின்பொக்கெட்டில் அடையாள அட்டை இருந்த பேர்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அபி அட்டையை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். தாயின் நனைந்த முகத்தைப் பார்த்தாள், இன்னும் நீட்டியபடி இருந்த கையைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஆன்ட்டி, அழாதேங்கோ" என்றாள் தமிழில். "நான் உண்மையான பொலிஸ் இல்லை. நான் அபி. இவருக்கு என்ர பிஸ்கட்டைத்தான் குடுத்தனான்."

கம்பிக் கதவைத் திறந்துவிட்டாள். பையன் தாயின் காலைக் கட்டிக்கொண்டான்.

தாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பிள்ளை மடியில், ஒரு பிள்ளை தோளில். கொஞ்ச நேரம் அழுதார், பிறகு சிரிப்பு வந்தது.

"எனக்கென்ன அண்ணே பைத்தியமா? சின்னப் புள்ளகிட்டப் போய் ஐ.சி.ய நீட்டுறன்!"

"நானும் எடுக்கப் பாத்தனான் தங்கச்சி" என்றேன்.

அவர் என் தொங்குகிற தலைக்கட்டையும் மஞ்சள் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரோ தெரியாது. அட்டையைப் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைமாருக்கு நான் சொல்லித்தரக்கூடியது ஒன்றுதான். ஒரு பிள்ளை எதையாவது பிடித்துவிட்டதாக வந்து சொன்னால், மெச்சுவதைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் கூடவே போய்ப் பாருங்கள். அங்கே போனபின் யார் விளையாடுகிறார்கள், யார் விளையாடவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நான் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.