உசிலம்பட்டிக்குப் பதினோரு டிக்கெட்

மதுரையில் மீட்டர்கேஜ் காலத்துச் சிறு ரயில் நிலையம் ஒன்றை இடிக்காமல் வண்ணம் பூசிக் காட்சிக்கூடமாக்கினார்கள். திறப்பு விழா ஒரு தை மாத வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு. எனக்கு அப்போது ஒன்பது வயது. கிழமை, மணி எல்லாவற்றையும் நோட்டில் குறிக்கும் பழக்கம் அப்போதே இருந்தது.

நிலையம் மூடும்வரை அங்கே டிக்கெட் கொடுத்த என் அத்தையையே கவுண்டரில் உட்காரவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் விளையாட்டாக ஊர் சொல்ல, அவள் அட்டை டிக்கெட்டில் தேதி குத்தி இலவசமாகக் கொடுப்பாள். தண்டவாளமே இல்லாத மேலூருக்குக் கேட்ட ஒருவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தலையில் உருமாக் கட்டிய ஒருவர் வந்தார். "உசிலம்பட்டிக்குப் பதினோரு டிக்கெட்டு குடு தாயி."

குத்திக் கொடுத்தாள்.

"காசு வேணாமா? கவருமெண்டு அம்புட்டுத் திருந்திருச்சா?"

அத்தை சிரித்தாள். அவரும் சிரித்தார்.

ஒன்பது நாற்பதுக்கு அவர் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் நடைமேடையில் பட்டுச் சேலைகளும் சீர்த்தட்டுகளுமாகப் பத்துப் பேர் ரயிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"வண்டி லேட்டா தாயி? பதினோரு மணிக்குத் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. எம் மடியிலதான் பிள்ளைய உக்கார வைக்கணும்."

"ஐயோ அண்ணே! இது சும்மா வேடிக்கைக்கு. வண்டி நின்னு வருசமாச்சு!"

"புதுசாப் பெயிண்டு அடிச்சு, மேளம் கொட்டிச் சீட்டும் குடுத்தா, வண்டி விட்டாச்சுன்னுதான நெனப்போம்? நான் போகலேன்னா எந்தங்கச்சி என்னய உசுரோட விடமாட்டா!"

இனி ஆரப்பாளையம் போய்ப் பஸ் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. அத்தை கவுண்டரை விட்டு ஓடினாள். வாசலில் மேளக்காரர்களின் வேன் நின்றிருந்தது.

"தம்பி, வண்டிய எடுப்பா!"

"மேளக்காரங்க இருக்காங்களேக்கா?"

"அவுகளும் ஏறட்டும். காதுகுத்துக்கு மேளம் ஆகாதா?"

காட்சிக்கு மாட்டியிருந்த பச்சைக் கொடியை அத்தை உருவி ஆட்ட, வேன் நாயனத்தோடு கிளம்பியது. சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியபோது வரவேற்க மேளமில்லை. அத்தைக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்தது. அவள் முகத்திலோ சிரிப்பு அடங்கவில்லை.

மதியம் வேன் திரும்பியது. "மாமன் மடியிலதான் குத்துனாகக்கா" என்றார் டிரைவர். உடனே அத்தை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பழைய பதிவேட்டை எடுத்து எழுதினாள்: 'உசிலம்பட்டி. பயணிகள் பதினோரு பேர். புறப்பாடு 9.48.'

"ரயிலே போகலையே அத்தை!" என்றேன். அவள் மை காய ஊதிக்கொண்டிருந்தாள்.

அத்தை பொய் எழுதினாள் என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன். பதிவேட்டில் அதற்கு முந்தைய வரியும் அவள் கையெழுத்துதான்: 'நிலையம் மூடப்பட்டது.' அதையும் அன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.