சூடு போன வழி

தொண்ணூறுகளில், மணிமுத்தாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் மின் மேற்பார்வையாளர். திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்குள் வெக்கை எப்படி வருகிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். சூடு வெளியே போவதைப் பற்றி எங்கள் ஊரில் யார் கவலைப்பட்டார்கள்?

ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்த அன்று, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு எட்டாம் மாதத்திலேயே எஸ்டேட் மருந்தகத்தில் ஆண் குழந்தை பிறந்துவிட்டது. கீழே கொண்டுபோக வழியில்லை. பாதை சீராகும் வரை அறையை முப்பது டிகிரியில் வைத்திருந்தால்தான் பிள்ளை தங்கும் என்று அங்கிருந்த நர்ஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சுவரில் தொங்கிய வெப்பமானி பதினேழைக் காட்டியது.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. டேப்பை எடுத்துச் சுவர், தகரக் கூரை, சன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் அளந்தேன். எதன் வழியாக எவ்வளவு சூடு போகும் என்று மருந்துச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஹீட்டர் இரண்டு போதும் என்று வந்தது. மேனேஜர் பங்களாவிலிருந்து இரண்டைக் கொண்டுவரச் செய்து மாட்டினேன். குழந்தையின் அப்பா வாசலில் கைகட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் ஆயிற்று. இருபதுக்கு மேல் ஏறவில்லை. கணக்கை மறுபடி போட்டேன், அதே விடை. மூன்றாம் முறையும் போட்டேன். நர்ஸ் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"நீலம் பாரிக்குது சார்."

தாய் அழக்கூட இல்லை. எங்கேதான் போகிறது இந்தச் சூடு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டதும் அப்பாக்காரர் வாசலில் கிடந்த சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் சாக்கைத் திணித்தார். நாலு பக்கமும் இடைவெளி. மலைக்குக் கீழேயிருந்து வந்த கொத்தனார் நம்மூர் வழக்கப்படி காற்றோட்டத்துக்கு விட்டது அது. அதை ஒரு ஓட்டையாக என் கண் பார்க்கவே இல்லை.

நானும் ஓடிப்போய்ச் சாக்கு எடுத்துக் கொடுத்தேன். வெப்பமானி மடமடவென்று ஏறியது. சாயங்காலத்துக்குள் முப்பது. குழந்தையின் காலில் சிவப்பு திரும்பியது, பாலும் குடித்தான்.

இதை எப்போது கவனித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். வந்ததுமே பார்த்தேன் என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன், கோபமாகவே.

"ஐயா கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திய. குறுக்கப் பேசினா மரியாதை இல்லைன்னு நின்னேன்."

பெற்ற பிள்ளை நீலமாகிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும், எனக்காக அப்படியே நின்றிருக்கிறார்.